ஒரு ஸ்பூன் தண்ணீருக்கும் ஜெபம்

என் அக்கா சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டுத் துணி துவைக்கிற சின்னக் கடை இல்லை. விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற பெரிய கொட்டகை. உள்ளே போனால் நம் மூச்சே நமக்கு ஈரமாகத் தெரியும். அங்கே ஆள் உயரத்தைவிட நீளமான உருளை இஸ்திரி இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பெண்கள் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். மறுபக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிப்பார்கள். கொடுக்கிற பக்கத்தில் இடது முனை அக்காவுடையது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவளுடையது. மணிக்கட்டுக்கு மேலே வரிசையாகச் சூட்டுத் தழும்புகள். யாராவது கேட்டால் வளையல் என்பாள்.

அதற்கு மேல் பேசமாட்டாள். எங்கள் வீட்டுப் பேச்சையெல்லாம் நானே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்காருகிறவள் நான். நாள் முழுக்கக் கண்ணாடித் துளை வழியாக ஊர்ப்பட்ட பேரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு நாக்கு எப்படி இருக்கும்? அத்தான், அதாவது அக்காவின் புருஷன், எனக்கு வைத்த பெயர் பட்டாசு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் சாப்பாட்டு மேஜையில் எப்போதும் மூன்று பேர்தான்.

அத்தான் பெயிண்டர். கட்டடங்களுக்குச் சாயம் பூசுகிறவர். நகக்கண்ணில் எந்தக் கலர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தே அன்றைக்கு எந்த வீட்டில் வேலை என்று சொல்லிவிடலாம். நல்ல மனுஷர். ஒரே ஒரு தொல்லை, சாப்பாட்டு ஜெபம். சாப்பிடுவதற்கு முன்னால் ஜெபம் செய்வது எங்கள் சபையில் எல்லார் வீட்டிலும் உண்டு. மற்றவர்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டுக் கையை வைப்பார்கள். இவர் அப்படி இல்லை. கண்ணை மூடினார் என்றால் அன்றைக்கு நடந்த நல்லதை எல்லாம் ஒன்று விடாமல் ஆண்டவரிடம் சொல்லி நன்றி செலுத்தினால்தான் கண்ணைத் திறப்பார். சாரம் ஆடவில்லை, நன்றி. வெளிச்சுவர் காய்ந்த பிறகுதான் மழை வந்தது, நன்றி. மனைவிக்கு முதுகுவலி நேற்றைக்கு இன்று தேவலை, நன்றி. கொழுந்தியாள் இன்று யாரையும் அடிக்காமல் வீடு வந்து சேர்ந்தாள், அதற்கும் நன்றி. நாங்கள் இரண்டு பேரும் பசியில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். அக்கா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதிப்பாள். அவர் அதற்கும் நன்றி சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இதை வாங்கினது என் சம்பளம், ஆக்கினது அக்கா, இதில் ஆண்டவருடைய பங்கு என்னவென்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வாங்கினது நீதான் பட்டாசு. ஆக்கினது உங்க அக்காதான். பசியை யாரு குடுத்தா? பசி இல்லாதவனுக்கு எதிர்ல எதை வெச்சு என்ன?" என்றார். நமக்கு வந்து சேரவேண்டியது என்று உலகத்தில் எதுவும் கிடையாது, வந்ததெல்லாம் அவர் கொடுத்தது, கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாயில் போட்டுக்கொள்வது மரியாதை இல்லை. அவருடைய வேதாந்தம் அவ்வளவுதான். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளை இல்லாத குறையை அவர் ஒருநாளும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, நல்ல பசி. அத்தான் கண்ணை மூடி ஆரம்பித்தார். காலையில் கேட்ட பாட்டுக்கு நன்றி சொன்னார், வழியில் நிழல் இருந்ததற்கு நன்றி சொன்னார். "இந்த மேஜையைச் சுத்தி..." என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திவிட்டார். நாங்கள் கொஞ்சம் காத்திருந்தோம். அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். இன்றைக்கு ஆண்டவருக்கும் பசி போலிருக்கிறது என்று சொல்லி, அவளே "ஆமென்" போட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தாள். நான் சிரித்தேன். இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டோம். அவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களை வம்புக்கு இழுக்கிறார் என்றுதான் நினைத்தோம். அப்புறம் அவருடைய வலது கை மேஜையிலிருந்து நழுவித் தொங்கியது.

மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் பிழைத்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது; 'ம்' என்கிற சத்தம் மட்டும் மிச்சம். விழுங்கவும் முடியவில்லை என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். அவளுடைய கோபம் அவள்மேல் இல்லை, அது வேறு இடத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நன்றி சொல்லிக்கிட்டிருந்த வாயைத்தான் ஆண்டவரு அடைக்கணுமாடி? திட்டுற வாய் ஊர்ல எத்தனை இருக்கு."

என் வாய் இருந்ததே, அதை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அன்றைக்கு நின்றது எங்கள் வீட்டு ஜெபம். அக்கா தட்டை வைப்பாள், உட்காருவாள், சாப்பிடுவாள். எனக்கு வசதிதானே என்று நீங்கள் நினைக்கலாம். முதல் நாள் அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். ஒருவருக்கும் சொல்லாமல் எடுத்துத் தின்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத விஷயங்கள் ரொம்பக் கம்மி.

சபையிலிருந்து வந்தார்கள். போதகர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். அவர் நல்லவர், அதிகம் பேசவில்லை. அவரோடு வந்த பெண்கள் விழுங்க முடியாத மனுஷனுக்குக் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தி, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லப் பழக வேண்டும் சிஸ்டர் என்று அக்காவிடம் ஆரம்பித்தாள். அக்கா எழுந்து போய், கழுவிவைத்த டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவுக்கு நான் விடைகொடுத்த விதத்தை இங்கே எழுத முடியாது. அப்புறம் அந்தப் பழத்தையெல்லாம் தின்று தீர்த்ததும் நான்தான்.

அக்கா காலை ஷிப்டை முடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வருவாள். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருக்கும். குழாயின் நுனியில் பெரிய ஊசிக் குழலைச் செருகி, அதை உயரத் தூக்கிப் பிடித்து, கரைத்த சத்துமாவை ஊற்றுவாள். அது பாட்டுக்கு இறங்கும். அத்தானுக்குச் சாப்பிடுகிற உணர்வே இருக்காது. வாய் அசையாது, தொண்டை அசையாது. ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். விரிப்பு கொடுக்கிற மாதிரியே இதையும் செய்கிறாள் என்று எனக்குத் தோன்றும். முகத்தில் ஒன்றும் இருக்காது. எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டால், நிற்கிறேன் என்பாள்.

பிறகு ஒரு நாள், விழுங்கப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். சின்ன வயது, பொறுமைசாலி, வார்டில் எல்லாரும் அவளைப் பயிற்சியம்மா என்றார்கள். மூக்குக் குழாயை ரொம்ப நாள் வைக்க முடியாது என்று அவள் எங்களை உட்காரவைத்து விளக்கினாள். பொடி கலந்து கெட்டியாக்கிய தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கவேண்டும். புரையேறாமல் விழுங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வாய்வழிச் சாப்பாட்டுக்குக் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வாயால் சாப்பிடுவது என்பது அநேகமாக இராது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அத்தான் கட்டிலில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் திறந்தார். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டினார். ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனதும் வாயை மூடிக்கொண்டார். மறுபடி ஸ்பூன், மறுபடி மூடல். இடது கையால் எதையோ தேடித் தடவினார். விழுந்த வலது கையைப் பிடித்து மடிக்கு இழுத்தார். குழாயைப் பிடுங்கப் போகிறாரோ என்று நர்ஸ் அந்தக் கையை மெல்ல விலக்கி வைத்தாள். அவர் திரும்பவும் அதையே செய்தார். கடைசியில் கண்ணோரம் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். ஸ்பூனைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்று மூளைக்கு மறந்துபோயிருக்கலாம், அப்படியும் நடப்பதுண்டு, நாளைக்கு இன்னொரு முறை பார்க்கிறேன், அதற்கு மேல் டாக்டர் காத்திருக்கமாட்டார் என்று பயிற்சியம்மா வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

கீழே கேன்டீனில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு டீயும் பன்னும் வாங்கிவைத்தேன். அவள் டீயைத் தொடவில்லை. வயிற்றுக் குழாய் வந்தாலும் பரவாயில்லை, வேலையாவது சுலபம், உனக்கும் உடம்பு தாங்கவேண்டாமா என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டிக்கெட் கொடுக்கத்தான் தெரியும். அவள் நடுவில், அவருக்குத் தக்காளி என்றால் எவ்வளவு பிடிக்கும் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். பன்னை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மறுநாளும் அதே கதை. திறந்த வாய் ஸ்பூனைக் கண்டதும் மூடியது. இடது கை வலது கையைத் தேடி இழுத்தது. ஆனால் இந்த முறை பயிற்சியம்மா நர்ஸைத் தடுத்துவிட்டாள். கை போகிற போக்கை விட்டுப் பார்த்தாள். அவர் மெதுவாக, ரொம்ப மெதுவாக, செத்த கையை மடியில் கொண்டுவந்து, அதன் மேல் மற்றக் கையை வைத்து, தலையைக் குனிந்தார்.

அவள் திரும்பி அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, வீட்ல சாப்பிடறதுக்கு முன்னாடி இவரு ஏதாவது செய்வாரா?"

ஐயோ, நாங்கள் எப்படிப்பட்ட மடச்சிகள்! குழாயில் ஊற்றும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிமூடித் திறந்ததை நாங்கள் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருக்கிறோம். ஜெபம் செய்யாமல் ஒரு துளி வாயில் படவிடமாட்டார் இந்த மனுஷன், பேச்சும் இல்லை, யாரிடம் சொல்லுவார்? நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் அசையவில்லை.

ஜெபம் செய்வார் என்று நான்தான் சொன்னேன். அப்படியானால் நீங்கள் யாராவது செய்யுங்களேன் என்றாள் பயிற்சியம்மா, ரொம்பச் சாதாரணமாக, ஜன்னலைச் சாத்துங்களேன் என்கிற மாதிரி. அவளை எனக்குத் தெரியும். வாய்க்கு வந்த இரண்டு வரியைச் சொல்லிவிட்டால் போதும், அவர் வாயைத் திறந்துவிடுவார். நானாக இருந்தால் சொல்லிவிட்டிருப்பேன். அவள் அந்த ரகம் இல்லை. இல்லாத நன்றியை இருக்கிற மாதிரி சொல்ல அவளுக்கு வராது. அதுவும் ஆண்டவரிடம். என்னைச் செய்யச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே," என்றாள். வார்டில் யாரோ இருமினார்கள். "உம்மகிட்ட பேசி நாளாச்சு. கோவம் இன்னும் போகல. போயிடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். இந்த ஒரு ஸ்பூன் தண்ணி இருக்கு. இத குடிக்க இவரு இருக்காரு. அதுக்கு நன்றி. வேற இப்ப சொல்ல வரல. ஆமென்."

அத்தான் நிமிர்ந்து வாயைத் திறந்தார்.

பயிற்சியம்மா ஸ்பூனை நாக்கில் வைத்துவிட்டு அவர் தொண்டையில் இரண்டு விரலை வைத்தாள். தொண்டை ஏறியது, இறங்கியது. இருமல் வரவில்லை. ஏதாவது சத்தம் கொடுங்கள் என்றாள். 'ம்' என்றார், சுத்தமாக. இன்னொரு ஸ்பூன், இன்னொன்று. அக்கா கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அழுதாளா என்று கேட்டால், இல்லை, அழுதது நான்தான். கவுண்ட்டரில் என்னிடம் திட்டு வாங்கினவர்கள் யாராவது அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் அவர்கள் வயிறு குளிர்ந்திருக்கும்.

இதோடு கதையை முடித்துவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகுதான் அக்காவின் பாடு ஆரம்பித்தது.

குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய்வழிச் சாப்பாடு என்றால் நம்மைப் போல அள்ளிப் போடுவதில்லை. எல்லாவற்றையும் குழைத்து, வடிகட்டி, பதம் பார்த்து, அவரை நிமிர்த்தி, அக்கா ஒரு ஜெபம் சொல்லி, தாடையைத் தாழ்த்தி, ஒரு ஸ்பூன். விழுங்கினாரா என்று பார்க்கவேண்டும். கன்னத்தில் ஒதுங்கியிருந்தால் வழித்து எடுக்கவேண்டும். அப்புறம் அடுத்த ஸ்பூன். ஒரு கிண்ணம் காலியாகப் பாதிக் காலை போய்விடும். முகம் துடைத்து, சட்டை மாற்றி நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்து நிற்கும். நடுவில் சலவை நிலையம். வேலையை விட முடியுமா? ஊட்டுவதைத் தவிர மற்றதை நான் முடிந்தவரை செய்தேன், ஆனால் என் ஷிப்டும் அவளுடையதும் மாறி மாறி முட்டிக்கொள்ளும். குழாய் இருந்தபோது ஒரு பாட்டு நேரத்தில் முடிந்த வேலை இப்போது அவள் ஆயுசையே தின்றது. கன்னம் ஒட்டிவிட்டது. சூட்டுத் தழும்பு புதிதாக இரண்டு. கை தடுமாறுகிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் வெடித்துவிட்டேன், பேருக்கு ஏற்றபடி. அந்த வயிற்றுக் குழாயே போட்டுத் தொலைத்திருக்கலாம், இதையெல்லாம் ஆண்டவர் கொடுத்த வரம் என்று ஜெபத்தில் வேறு சொல்லிக்கொண்டிருக்கிறாயே, வரமா இது, வேலையா என்று கத்தினேன். அக்கா கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நேத்து உப்பு கம்மியாயிடுச்சு. மூஞ்சியைச் சுளிச்சாருடி. நான் ஆக்கினதைக் குறை சொல்ல ஒரு ஆளு திரும்ப வந்திருக்கு," என்றாள். தண்ணீரை வடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். "களைப்பா இருக்கு. இல்லேன்னு நான் சொல்லல. களைப்பும் இருக்கு, இதுவும் இருக்கு. ஒன்னு இருக்கறதால இன்னொன்னு இல்லாம போயிடாது."

மாடிக்குப் போய்விட்டேன்.

போன வாரம் எனக்கு விடுமுறை. மதியம் இறங்கி வந்தேன். அக்கா ஷிப்ட் முடித்து வந்து, வேலைத் துணியைக்கூட மாற்றாமல், அத்தானை நாற்காலியில் நிமிர்த்திவைத்து, குழைத்த சாப்பாட்டை எதிரே வைத்திருந்தாள். ஸ்பூன் அவள் கையில்தான் இருந்தது. ஆனால் அவள் மேஜைமேல் தலை வைத்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். எதையும் தாங்கிக்கொள்கிற அந்த முகம் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டுக் கிடந்தது. அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ, அவளை எழுப்ப ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லை.

அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து ஸ்பூனை மெல்ல உருவினேன். ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்து, ஸ்பூனை நிரப்பி அவர் வாயருகே கொண்டுபோனேன்.

வாயை மூடிக்கொண்டார். செத்த கையை மடிக்கு இழுத்தார்.

இத்தனை நாளும் ஜெபத்தை அக்காதான் செய்துவந்தாள். நான் ஆமென் போடுகிற ஆள் மட்டும்தான். நான் போய் என்ன சொல்ல? அந்தக் கிண்ணத்துக்கு நன்றி சொல்லலாமா? அவர் காலைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், அவளுடைய புதுத் தழும்பைப் பார்த்தேன். ஆத்திரம்தான் வந்தது. அவர் தலையைக் குனிந்து காத்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அக்காவின் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவள் அப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனை காலம்! எத்தனையோ கெஞ்சியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், மாத்திரைகூட வாங்கி வந்திருக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை. இந்தத் தூக்கம் அதுவாக வந்திருந்தது.

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

"ஆண்டவரே, எங்க அக்கா தூங்குறா. இத நாங்க யாரும் அவளுக்குக் குடுக்கல. ஸ்தோத்திரம்."

அவர் வாய் திறக்கவில்லை. இன்னும் என்ன வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று பார்த்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஆமென்," என்றேன், அவள் காதில் விழாதபடி.

அவர் வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகிறவரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.